பத்தாவது நிமிடம்

வண்ணார்பேட்டையில் மேம்பாலம் இறங்குகிற இடத்தில்
எங்கள் கடை. மீரான் முதலாளி, நான், ஓர் ஏசி.
நாலு வருஷமாக நான் ஒப்பித்து வருகிற வசனம்:
"பிராசசரை வச்சு என்ன செய்யப் போறீய?
ஆட்டோவுக்கு எதுக்கு ஏரோப்ளேன் இன்ஜின்?
கேமராவப் பாருங்க."
சிரிப்பார்கள். வாங்குவார்கள்.
கேமரா போன் ஒன்று விற்றால்
எனக்குத் தனியாக இருநூறு.

அக்கினி நட்சத்திரம், மதியம் மூன்று மணி.
உள்ளே வந்தவர் காதைத் தொட்டுக் காட்டி
கையை விரித்தார். பிறகு டைரியை எடுத்து
பெரிய எழுத்தில்: "பிராசசர் எது?"

நானும் எழுதினேன்:
"வீடியோ காலுக்கு எல்லாம் ஒண்ணுதான்.
டவர் இருந்தால் போதும்."
படித்துவிட்டு நிமிர்ந்தார்.
எடை குறைத்து நிறுத்தவனைப்
பார்க்கிற பார்வை.

ஜெபக்கனி. பெயர் டைரியின் முதல் பக்கத்தில் இருந்தது.
பாளையங்கோட்டையில் யூனிபார்ம் தைக்கிறார்.
அவருக்கும் காது கேளாது, ஓசூரில்
அட்டைப்பெட்டிக் கம்பெனி, ராத்திரி ஷிப்ட்.
இதெல்லாம் நான் கேட்காமலே எழுதியது.
கீழே, கோடு போட்டு:
"கிறிஸ்துமசுக்கு முன்னால் கால் பண்ணினார்.
கை 'வருவேன்' என்றது.
தலை 'இல்லை' என்று ஆடியது.
தலை எனக்கு வரவில்லை, போன் நின்றுவிட்டது.
ஜங்ஷனில் நான்கு மணி நேரம் நின்றேன்."

டவர், என்று வாயசைத்தேன்.
"தங்கச்சி போன் அதே வீடு. அதே சிம். நிற்காது."

நாலு கண் வைத்த போன் ஒன்று,
முதுகில் அழகே இல்லாத போன் ஒன்று.
கடை வைஃபையிலேயே இரண்டையும் ஓட்டச் சொன்னார்.
ஒன்றை அவரிடம் கொடுத்து அதே மாதிரி இன்னொன்றோடு
எதிர் ஜூஸ் கடை நிழலில் போய் நின்றேன்.

முதலில் கேமரா போன்.
முகம் பளிச்சென்று, கோயில் கொடைக்குப்
பவுடர் போட்ட மாதிரி.
கை ஓடியது, விரல் ஓடியது, ஒரு குறையும் இல்லை.
பார்த்தீயளா, என்று கட்டைவிரலைத் தூக்கினேன்.
அவர் பத்து விரலையும் காட்டினார். பத்து நிமிடம்.
நின்றேன்.
ஜூஸ் கடைக்காரர் ரெண்டு சாத்துக்குடி பிழிந்து முடித்தார்.
ஏர்வாடி பஸ் ஒன்று மறித்துப் போனது.
போனின் முதுகு சுட ஆரம்பித்தது,
இட்லிச் சட்டியைத் துணியில்லாமல் பிடித்த மாதிரி.
அப்புறம்தான் பார்த்தேன்:
ஐந்து விரலும் ஒட்டிக்கொண்டு
பனங்கிழங்குக் கட்டு.
கை நெஞ்சருகே இருந்தது. அடுத்து நெற்றியருகே.
நடுவில் அது போன வழியைக் காணோம்.
படம் அழகாகத்தான் இருந்தது.
பேச்சு இல்லை.

இரண்டாவது போனில் முகம் மங்கல்.
கன்னத்து வெயில் அப்படியே கறுப்பாக.
பத்தாவது நிமிடத்திலும்
சுண்டுவிரல் தனியாக மடங்கியது,
தலை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
ஒரு சொல் எங்கே முடிகிறது என்று தெரிந்தது.
என்ன சொல் என்றுதான் தெரியவில்லை.

ஆயிரம் ரூபாய் கூட. சுருக்குப் பையில் இருந்து
இருபதும் ஐம்பதுமாக எண்ணி வைத்துவிட்டு
டைரியில் கடைசியாக: "டெம்பர் கிளாஸ் இலவசம்."
கேள்விக்குறி போடவில்லை.
போட்டுக் கொடுத்தேன்.

"ஏல, அந்தப் பிள்ளைட்ட என்ன
சினிமா காட்டிட்டு நின்ன?"
கல்லாவில் இருந்து முதலாளி.
நான் பில் புக்கைத் தேடினேன்.

பாலத்துக்குக் கீழே அவர் போனைத்
தூண் ஓரமாய்ச் சாய்த்து வைத்து
ரெண்டு கையாலும் பேசிக்கொண்டிருந்தார்.
ஓசூரில் யாரோ தூக்கம் கலைந்து எழுந்திருக்க வேண்டும்.
சண்டை மாதிரியும் இருந்தது.

அடுத்து சேவியர் காலேஜ் பையன் ஒருத்தன்.
"அண்ணே, கேமரா எப்படி?"
வசனம் நாக்கு நுனி வரை வந்தது.

"அது கிடக்கட்டும்.
எதிர் ஜூஸ் கடையில போய் நின்னு
பத்து நிமிஷம்
தலைய ஆட்டும், தம்பி."